பிடிமண்

ஏழாம் எண் குழாயில் கசிவு.
கசிவென்றால் நீர் ஒழுகவில்லை;
நிறுத்த வேண்டியதை மண் நிறுத்தவில்லை.
பதிவேட்டில் எழுதுகிறேன்:
இரவு ஒன்று நாற்பது. மழை.
ஓடையில் அமிலம் கூடியிருக்கிறது.
அலுமினியம் வந்துவிட்டது.

அலுமினியம் இப்படித்தான்.
அழைக்காத பந்தியில் முதல் இலையில் உட்காரும்.
நியோடிமியமும் டிஸ்ப்ரோசியமும்
கைகழுவி வருவதற்குள்
இடம் நிரம்பிவிடும்.

குன்றுகள் இருட்டில் தெரியாது.
பகலில் தெரியும்: தோல் உரிந்த சிவப்பு,
நடுநடுவே ஒட்டுப்போட்டதுபோல் யூகலிப்டஸ்,
சரிவின் கீழே ஆரஞ்சுத் தோட்டங்கள்.
தென் ஜியாங்சியில்
மழைக்கும் கருங்கல்லுக்கும் கோடி வருட வழக்கு.
கரைத்துக் கரைத்து மண்ணாக்கியது மழை;
கல்லுக்குள் இருந்தவற்றை அந்த மண்
சட்டைப் பையில் சில்லறைபோல வைத்திருந்தது,
பூட்டாமல்.

தொண்ணூற்று நான்கில் அது ஊருக்குத் தெரிந்துபோனது.
என் அக்காவின் கணவர் லாய் குவாங்ஷெங்
அம்மோனியம் சல்பேட் மூட்டையோடு
அந்தச் சரிவில் ஏறியவர்களில் ஒருவர்.
உச்சியில் குழிதோண்டி உப்புநீர் ஊற்றினால்
அடிவாரத்துத் தொட்டியில்
மலை தானாக வந்து விழும்.
வெட்ட வேண்டாம், வெடி வேண்டாம்.
மண் தன் பிடியைத் தளர்த்தும், அவ்வளவுதான்.

சுரங்கம் மூடிப் பல வருடம்.
மண் இன்னும் தளர்ந்துகொண்டே இருக்கிறது.
ஓடை அதை அள்ளிக்கொண்டு போகிறது,
விற்கத் தெரியாத திருடனைப் போல.

அதனால்தான் இந்தத் தகரக் கொட்டகை,
இந்தப் பன்னிரண்டு குழாய்கள்,
நான்.

குழாய்க்குள் இருப்பதும் களிமண்தான்.
சுட்டோம், அமிலத்தில் ஊறவைத்தோம்,
ஏடு ஏடாய்ப் பிரித்து இடுக்குகளில்
பாஸ்பரஸ் கொக்கிகளைத் தைத்தோம்.
அறிக்கையில் இதற்குப் பெயர் மேம்படுத்தல்.
எனக்கென்னவோ,
ஒருமுறை விட்டுக்கொடுத்த ஒன்றிடம்
இனி விடாதே என்று சத்தியம் வாங்குவதாகப் படுகிறது.

அதிலும் ஒரு பொய் உண்டு.
நாளை நீர்த்த அமிலத்தை நானே ஊற்றுவேன்;
அப்போது அது விட்டாக வேண்டும்.
பிடி என்றால் பிடி, விடு என்றால் விடு.
மண்ணிடம் யாரும் இவ்வளவு கேட்டதில்லை.

காலையில் லாய் வந்தார்.
காவலாளிக்கு ஒரு பை ஆரஞ்சு, எனக்கு ஒன்று.
"எவ்வளவு தேறியது?"
நான்கு மாதம், நாற்பது டன் நீர்,
முந்நூறு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு.
சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.
"மதியச் சாப்பாட்டுக்குள்
இதைவிட அதிகம் எங்கள் செருப்பில் ஒட்டியிருக்கும்."

உலையிலிருந்து எடுத்த கிண்ணத்தைக் காட்டினேன்.
நேற்று அது வெளிறிய ரோஜா நிற வீழ்படிவு;
தொள்ளாயிரம் டிகிரிக்குப் பிறகு பழுப்பு.
குனிந்து பார்த்தார்.
"மண் மாதிரி இருக்கிறதே."
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.
அவர் ஏறிவந்த மின்ஸ்கூட்டரின் சக்கரத்துக்குள்,
காந்தத்தில்,
இந்தப் பழுப்பில் ஒரு சிட்டிகை சுற்றிக்கொண்டிருக்கும்.
அதைச் சொல்லவில்லை.

போகிற வழியில் ஓடையருகே நிறுத்தினார்.
குழாய்களைக் கடந்து வெளியேறும் நீரில்
முழங்கைவரை கையை விட்டார்.
முன்பு இதே நீரில் அவர் தோல் உரிந்ததை
அக்கா சொல்லியிருக்கிறாள்.
வெகுநேரம் எடுக்கவில்லை.
எதையும் பிடிக்கவும் இல்லை;
விரல்கள் விரிந்தே இருந்தன.

ஏழாம் எண் குழாயின் மூடியைத் திருகிப்
பழைய மண்ணை வாளியில் தட்டினேன்.
ஈரமாக, கனமாக விழுந்தது.
பதிவேட்டில் ஒரு கட்டம் காலி: காரணம்.
அலுமினியம் என்று எழுதினேன்.
அடித்துவிட்டு, மழை என்று எழுதினேன்.
அதையும் அடிக்கலாமா என்று
பேனாவைப் பிடித்தபடி இருக்கிறேன்.